மான் வேட்டைக்கா போகிறான் உங்கள் பையன்?

பத்து வயதுப் பையனுக்கு மூன்று லட்ச ரூபாய் ஏர் ரைஃபிள் வாங்கப் பெர்சனல் லோன் கேட்டு வரும் அப்பாக்களைத் திட்டுவதற்காகவே இந்தப் பதிவு. லோன் கொடுப்பதுதானே உன் வேலை, டார்கெட் முடியுமே, உனக்கென்ன வலிக்கிறது என்று கேட்பீர்கள். வலிக்கிறது. ஏனென்றால் அந்தப் பையனை நான் சனிக்கிழமை ரேஞ்சில் பார்க்கிறேன்.

என் மகள் இரண்டு வருஷமாகச் சுடப் போகிறாள். மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் எங்களுக்கு வங்கி விடுமுறை என்பதால் அவளைக் கூட்டிப்போய், பின்னால் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பேப்பர் படிப்பது என் டூட்டி. அந்த பெஞ்சில் உட்கார்ந்து கற்றதுதான் கீழே எழுதியிருப்பது அத்தனையும். நான் கோச் இல்லை. பி.காம். படித்தவன். கணக்கு மட்டும் கொஞ்சம் வரும்.

புனேயில் இருக்கும் நம்மாட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008-ல் காமன்வெல்த் யூத் கேம்ஸ் இங்கே நடந்தபோது பாலேவாடியில் போட்ட ரேஞ்ச் இன்னும் இருக்கிறது. ககன் நாரங் ஆரம்பித்த கன் ஃபார் குளோரியும் இதே ஊரில் பிறந்ததுதான். 2024 ஆகஸ்டில் பாரிஸில் கோலாப்பூர்ப் பக்கத்துப் பையன் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் ஊரே துப்பாக்கி தூக்க ஆரம்பித்துவிட்டது. நம் பொங்கல் விழாவில் பரதநாட்டியம், கீபோர்ட், அபாகஸ் வரிசையில் இப்போது ஷூட்டிங்கும் சேர்ந்திருக்கிறது. சந்தோஷம்தான். நல்ல விளையாட்டு. வாய் ஓயாத பிள்ளைகூட ஒரு மணி நேரம் மூச்சை அடக்கி நிற்கும். எனக்குப் பிரச்சினை விளையாட்டில் இல்லை, பில்லில்தான்.

அப்பாக்கள் முதலில் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? "சார், பவர் எவ்வளவு?"

அடுத்தது, "எவ்வளவு தூரம் போகும்?"

ஐயா, தூரம் பத்து மீட்டர். ஒரு டூ பெட்ரூம் ஃப்ளாட்டின் வாசலில் இருந்து பின் பால்கனி வரை. அங்கே இருக்கும் அட்டையில் மொத்த வட்டமே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவில் இருக்கும் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, பேனா முனையால் ஒரு தட்டு தட்டினால் விழுமே, அவ்வளவு. அதைத் தொட பவர் எதற்கு? ஒலிம்பிக்ஸில் சுடும் ஜெர்மன் ரைஃபிளில் இருந்து வெளியே வரும் அரை கிராம் ஈயத்தின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் சொச்சம், சக்தி ஏழரை ஜூல். 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளும் 4.5 மி.மீ. ஏர்கன்னுக்கு உச்சவரம்பு 20 ஜூல். கடைக்காரர் "செம பவர் சார், செங்கல்லையே பிளக்கும்" என்று சில ஆயிரத்துக்கு நீட்டும் ஸ்பிரிங் துப்பாக்கி அந்த வரம்பை ஒட்டி நிற்பது. அதாவது மூன்று லட்சம் கொடுத்தால் பவர் குறைவு, ஆயிரங்களில் வாங்கினால் பவர் அதிகம். இந்த ஒரு விஷயம் புரிந்தாலே பாதிப் பேர் கடையை விட்டு இறங்கிவிடுவார்கள். பவரும் தூரமும் கேட்பவர் மனசில் ஒரு காடும் அதில் ஒரு மானும் நிற்கிறது. ரேஞ்சில் மான் கிடையாது.

மான் என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் நிஜமாகவே பிள்ளைக்கு மான் சுட முதல் ரைஃபிள் வாங்கித் தருகிற வழக்கம் உண்டு, அங்கே அது சட்டப்படி, சீசன்படி, பல மாநிலங்களில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த பிறகு. அந்த ஊர் அப்பா என்ன பார்க்கிறார்? கட்டை குட்டையாக இருக்கிறதா, பிள்ளையின் கை விசைக்கு எட்டுகிறதா, தோளில் உதைப்பது கம்மியா. .243 வின்செஸ்டர் மாதிரி உதை குறைந்த ரவையாகப் பார்த்து, யூத் மாடல் என்று குட்டைக் கட்டை போட்ட துப்பாக்கியாகப் பார்த்து வாங்குகிறார். பெரிய பவரை முதலில் கொடுத்தால் பிள்ளை உதைக்குப் பயந்து விசை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். நிஜ மானைச் சுடப் போகிறவர்களே பிள்ளையை அளந்து துப்பாக்கி வாங்குகிறார்கள். அட்டையைச் சுடப் போகும் நாம் பிராண்டைக் கேட்டு வாங்குகிறோம்.

பிள்ளையை அளப்பது எப்படி என்று சொல்கிறேன், இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்து மீட்டர் ரைஃபிள் எடை நாலு, நாலரை கிலோ வரும். விதிப்படி ஐந்தரை கிலோ வரை போகலாம். உங்கள் பையன் எடை முப்பது கிலோ. நாலரை கிலோ என்றால் அவன் உடம்பில் ஏழில் ஒரு பங்கு. எழுபது கிலோ இருக்கும் நீங்கள் பத்து கிலோ அரிசிப் பையை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், பிறகு பேசலாம். நின்று சுடும்போது ரைஃபிளின் எடையைக் கை தூக்குவதில்லை, எலும்புதான் தாங்குகிறது. இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்ற வேண்டும், முதுகு லேசாகப் பின்னால் சாய்ந்து திரும்ப வேண்டும். ரைஃபிள் பெரிதாக இருந்தால் முழங்கை இடுப்பைத் தொடாது. முன்பக்கம் இழுக்கிறதே என்று பிள்ளை இன்னும் இன்னும் பின்னால் வளையும். இடுப்புக்கு மேலே அந்த ஒரே இடத்தில், ஒவ்வொரு நாளும், நூறு தடவை. பெஞ்சில் இருந்து பார்த்தால் ஒரு கேள்விக்குறி துப்பாக்கி பிடித்து நிற்பது மாதிரி இருக்கும். ஜெர்மனியில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஏர்கன்னே கொடுப்பதில்லை. கிளப்பில் லைட் ரைஃபிள் என்று ஒளியால் சுடும் லேசான துப்பாக்கியைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். ரைஃபிள் செய்து உலகத்துக்கே விற்கிற ஊர் அது.

வால்தர், ஃபைன்வெர்க்பாவ் கம்பெனிகளே ஜூனியர் மாடல் என்று தனியாக, சின்ன உடம்புக்கு ஏற்ற மாதிரி விற்கின்றன. நம்மாட்களிடம் அதைச் சொன்னால் என்ன பதில் வரும்? "வளர்ற பையன் சார், ரெண்டு வருஷத்துல பத்தாம போயிடும். பெருசாவே வாங்கிடுவோம்." ஸ்கூல் ஷூ வாங்கும் அதே மூளை. ஷூ பெரிதாக இருந்தால் பேப்பரை மடித்துத் திணிக்கலாம். கன்னம் பதியும் கட்டை ஒரு இஞ்ச் தள்ளி இருந்தால் பேப்பர் வைத்தா சரி செய்வீர்கள்?

இன்னொன்று, கண். வலது கையால் எழுதும் பிள்ளைகளில் சிலருக்கு ஆளும் கண் இடதாக இருக்கும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே இருக்கிறதோ அதுதான் ஆளும் கண். ஒரு நிமிஷம் ஆகாது, காசும் கிடையாது. இடது கண் பிள்ளை என்றால் ஒரு கண்ணை மறைக்கும் பட்டை போட்டு வலது பக்கமே பழகுவதா, இடது கை ரைஃபிளுக்குப் போவதா என்று கோச் பார்த்து முடிவு செய்வார். ஆளும் கண் எது என்றே தெரியாமல் வலது கை ரைஃபிளை இறக்குமதி செய்தால், ஓஎல்எக்ஸில் போடுவதற்கு வாங்கியதாக அர்த்தம்.

இனி நம்ம டிபார்ட்மெண்ட். மூன்று லட்சம், 12 சதவீதம், ஐந்து வருஷம். மாதத் தவணை 6,673 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது நாலு லட்சத்துச் சொச்சம். பையனுக்குப் பத்து வயதில் ஆரம்பித்தால் பதினைந்தில் முடியும். அதற்குள் அவன் ஒரு அடி வளர்ந்திருப்பான், குரல் உடைந்திருக்கும், பத்தாம் வகுப்பு என்று டியூஷன் ஆரம்பித்து ரேஞ்ச் பக்கம் போவதே நின்றிருக்கும். தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.

ரைஃபிளோடு செலவு முடிந்தது என்று நினைக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு வரும். பெல்லட் தகர டப்பாவில் 500 இருக்கும். ஒரு நாளைக்கு நூறு, வாரம் ஐந்து நாள் என்றால் வாரம் ஒரு டப்பா. பரீட்சை, தீபாவளி எல்லாம் கழித்து வருஷத்துக்கு ஐம்பது டப்பா. டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் ஐம்பதாயிரம் ஆச்சு. ஜாக்கெட், பேண்ட், ஷூ தனி. அது உடம்போடு ஒட்ட வேண்டிய விறைப்பான கேன்வாஸ் கோட்டு, வளரும் பிள்ளைக்கு ஒன்றரை வருஷம் தாங்கினால் பெரிது. ரேஞ்ச் ஃபீஸ், மேட்ச் என்ட்ரி, வெளியூர் ரயில் டிக்கெட்டும் தனி. ரைஃபிளில் மொத்தப் பணத்தையும் முடக்கியவர் பெல்லட்டில் கை வைப்பார். மூன்று லட்ச ரூபாய் துப்பாக்கியோடு, "இன்னைக்கு நாற்பதோட நிறுத்திக்கோ கண்ணா" என்று அப்பா சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் பையன் அகாடமி ரைஃபிளில் இருந்திருந்தால் நூறு சுட்டிருப்பான்.

சரி, ஏன் வாங்குகிறார்கள்? பிள்ளை கேட்டா? ஒரு பத்து வயதுக் குழந்தை ஃபைன்வெர்க்பாவ் என்ற வார்த்தையைத் தானாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்பவர் அப்பா. ஒன்று, பக்கத்து லேனில் நிற்கும் பிள்ளையிடம் இருக்கிறது. இரண்டு, சில இடங்களில் சேர்ந்த மூன்றாம் மாதமே "சொந்த ரைஃபிள் இல்லாம மேல போக முடியாது" என்று காதில் போட்டு, விற்பவரின் நம்பரையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மூன்று, ஸ்போர்ட்ஸ் கோட்டா. மூன்றாவதுதான் நம்மாட்களுக்கு மெயின் ரீசன்.

கோட்டா பற்றிக் கனவு காணும் வெளிமாநிலத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு கேள்வி. பையன் சுடுவது மஹாராஷ்டிராவுக்கு. காலேஜ் சேர்க்க நினைப்பது தமிழ்நாட்டில். எந்த மாநிலச் சான்றிதழ் எந்த மாநில அட்மிஷனில் செல்லும், எந்த லெவல் மேட்ச் கணக்கில் வரும், இருப்பிடச் சான்று எது கேட்பார்கள் என்று ஒரு தடவையாவது அந்தந்த வருஷத்து அறிவிப்பை எடுத்துப் படித்தீர்களா? லோன் படிவத்தில் நாற்பது இடத்தில் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவர்கள் நாலு பக்க அறிவிப்பைப் படிக்கமாட்டேன் என்கிறார்கள்.

அப்புறம் டிரான்ஸ்ஃபர். வங்கி, ரயில்வே, டிஃபன்ஸ், மத்திய அரசு என்று நம்மில் பாதிப் பேர் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மூட்டை கட்டுகிறவர்கள். அடுத்த ஊரில் ரேஞ்ச் இருக்குமா? இருந்தாலும் ரைஃபிள் சிலிண்டரில் 200 பார் காற்று நிரப்ப வசதி இருக்குமா? பீரோவுக்குப் பின்னால் நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று தூசி படிந்து கிடக்கும் குவார்ட்டர்ஸ்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் அந்த இடத்தில் வீணை இருக்கும்.

இப்போது எதிர்க்கேள்விகள். "அபினவ் பிந்த்ரா வீட்டிலேயே ரேஞ்ச் வெச்சிருந்தாரே?" ஆமாம், வைத்திருந்தார். 2008 பெய்ஜிங் தங்கத்துக்குப் பின்னால் அந்த வசதியும் இருந்தது. அவர்கள் வீட்டில் அதற்காக யாரும் பெர்சனல் லோன் போடவில்லை. நமக்குக் கிட்ட இருக்கும் உதாரணத்தைப் பாருங்கள். குசாலே கம்பல்வாடி என்கிற கிராமத்துப் பையன். 2009-ல் மாநில அரசின் க்ரீடா பிரபோதினி திட்டத்தில் சேர்ந்து, ஒரு வருஷம் உடற்பயிற்சி எல்லாம் முடித்த பிறகுதான் ஷூட்டிங்கைத் தேர்ந்தெடுத்தார். பிறகு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை. முதல் ஒலிம்பிக்ஸ் 2024-ல்தான். நடுவில் பதினைந்து வருஷம். உங்கள் ஐந்து வருஷத் தவணை அதில் மூன்றில் ஒரு பங்கு.

"நம்ம இளவேனில்?" என்பார்கள் அடுத்து. கேட்பீர்கள் என்று தெரியும். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர். நம்மைப் போலவே ஊர் விட்டு வந்த வீட்டுப் பெண் என்பதில் எனக்கும் பெருமைதான். 2018-ல் சிட்னி ஜூனியர் உலகக் கோப்பையிலும் 2019-ல் ரியோ உலகக் கோப்பையிலும் தங்கம், டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்ஸ். அந்தப் பெயரைச் சொல்லி லோன் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண்கள் பிரிவில் அறுபது குண்டுக்கு அதிகபட்சம் 654. அதில் 630 எடுத்தும் ஃபைனலுக்குப் போக முடியாமல் திரும்பும் விளையாட்டு இது. பாரிஸில் இளவேனிலுக்கே அதுதான் நடந்தது. அந்தப் புள்ளி ஒன்று, புள்ளி இரண்டுக்கு வரும்போது ரைஃபிள் முக்கியம், பிராண்ட் முக்கியம், டப்பாவில் இருக்கும் பெல்லட்டின் பேட்ச் நம்பர்கூட முக்கியம். உங்கள் பையன் இப்போது எட்டுக்கும் ஆறுக்கும் நடுவில் சுட்டுக்கொண்டிருக்கிறான். அங்கே தவறு துப்பாக்கியிலா இருக்கிறது?

ஒரு எதிர்வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அகாடமி ரைஃபிள் பத்துப் பிள்ளைகள் கை மாறும், ஒவ்வொருவரும் கட்டையை மாற்றி வைத்துவிடுவார்கள். உண்மைதான். என் மகள் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், கன்னக் கட்டை எத்தனையாவது கோடு, பின் தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று. வந்ததும் ஐந்து நிமிஷம் சரி செய்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். அதனால் அவளுக்கு ரைஃபிளின் ஒவ்வொரு திருகும் தெரியும். பெட்டியோடு வாங்கிக் கொடுத்திருந்தால் அப்பா, கோச் என்று யாராவது திருகிக் கொடுத்திருப்போம். தவிர, முதல் ஆறு மாதத்தில் பாதி வேலை பெல்லட் இல்லாமல் வெறும் விசை இழுப்பதும், நின்று பிடிப்பதும்தான்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வருஷம் தாண்டட்டும். விடுமுறையிலும் தானாகக் கிளம்புகிறானா பாருங்கள். ரைஃபிள் காலியாக இல்லாமல் காத்திருந்து பயிற்சி நேரம் போகிறதா பாருங்கள். அதுவரை அந்த 6,673 ரூபாயை ஆர்.டி.யில் போடுங்கள். இரண்டு வருஷத்தில் வட்டி சேர்க்காமலே ஒரு லட்சத்து அறுபதாயிரம். அதில் பெல்லட்டுக்குப் போக மிச்சம் இருக்கும் பணத்தில் இந்தியத் தயாரிப்பு ரைஃபிளோ, மேலே போய்விட்ட ஒரு பிள்ளை விற்கும் பழைய ஜூனியர் மாடலோ வரும். பழையது வாங்கினால் பளபளப்பைப் பார்க்காதீர்கள், காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். தயாரித்த தேதியில் இருந்து பத்து வருஷம்தான் அதற்கு ஆயுள் என்று கம்பெனியே சொல்கிறது. தேதி முடிந்த சிலிண்டர் என்றால் புதுசின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

கடைசியாக, சில ஆயிரத்து ஸ்பிரிங் ஏர்கன் கோஷ்டிக்கு இரண்டு வார்த்தை. "பழகட்டுமே சார், பால்கனியில புறா வருது." லைசென்ஸ் வேண்டாம் என்று சட்டம் சொன்னதால் அது பொம்மை ஆகிவிடவில்லை. கண்ணில் பட்டால் கண் போகும். கிளியோ மயிலோ மானோ, சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பாவைத்தான் முதலில் தேடி வரும். வேட்டை ரத்தத்தில் ஊறிய அருணாசலப் பிரதேசத்தில், கிழக்கு காமெங் மாவட்டத்து லும்டுங் கிராமத்தில் 2021-ல் ஜனங்கள் தாங்களாகவே ஏர்கன்களைக் கொண்டுவந்து அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள், காட்டில் பறவைச் சத்தம் குறைந்துவிட்டது என்று. அது மாநிலம் முழுக்கப் பரவியது. அவர்கள் கீழே வைத்ததை நாம் பிறந்தநாள் பரிசாகப் பேக் செய்துகொண்டிருக்கிறோம்.

டிஸ்கி 1: இதைப் படித்துவிட்டு என் கிளைக்கு லோன் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பமாட்டேன், சிபில் ஸ்கோர் இருந்தால் கிடைக்கும். பக்கத்தில் உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து இதையே மறுபடி சொல்வேன், அவ்வளவுதான் :-)

டிஸ்கி 2: பெல்லட் ஈயம். ரேஞ்ச் முடிந்து தயிர் சாத டப்பாவைத் திறப்பதற்கு முன் பிள்ளைகளைச் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பெஞ்சில் பார்க்கிறேன், பாதிப் பேர் கழுவுவதில்லை.